நியோவா, நியோ 2-ஆ? சண்டை பிரமாதம், மூட்டைதான் தாங்கவில்லை

"ரெண்டும் ஒரே மாதிரிதானே இருக்கு, எதை வாங்கட்டும்?" என்று நண்பன் கேட்டான். மேலோட்டமாகப் பார்த்தால் அப்படித்தான் தெரியும். டீம் நின்ஜா என்ற ஜப்பானிய நிறுவனம் 2017-ல் நியோ என்ற சாமுராய் ஆக்‌ஷன் வீடியோ கேமையும் 2020-ல் நியோ 2-வையும் வெளியிட்டது. இரண்டிலும் ஆயுதம் பிடித்து நிற்கும் அதே மூன்று ஸ்டான்ஸ், நின்று வலுவேற்றிக்கொள்ளும் அதே சன்னதி, வழி தவறி நிற்கும் அதே கோடாமா என்ற குட்டி ஆவிகள், எதிரிகளைக் கொன்று சேர்த்து, செத்த இடத்திலேயே விட்டு வர வேண்டிய அதே அம்ரிதா. இரண்டையும் முடித்துவிட்டு, போன வாரம் வரை விடாமல் மாற்றி மாற்றி விளையாடிக்கொண்டிருந்தேன். நியோ 2 தான் நல்ல கேம். ஆனால் அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தாலே எனக்கு எரிச்சல்தான் முந்திக்கொண்டு வருகிறது.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். கீ பல்ஸ். வாளை வீசியதும் கீ, அதாவது நம் தெம்பு, குறைகிறது. உடனே உடம்பைச் சுற்றி நீலப் பொறிகள் மிதந்து வந்து கூடுகின்றன. அவை ஒன்றுசேரும் நொடியில் ஆர்1 பட்டனை அழுத்தினால் செலவான கீயில் பெரும்பகுதி திரும்பிவிடும். அவசரப்பட்டு அழுத்தினால் கொஞ்சம்தான் கிடைக்கும், தாமதித்தால் ஒன்றுமே இல்லை. மற்ற கேம்களில் நாலு வெட்டு வெட்டிவிட்டுப் பின்வாங்கி மூச்சு வாங்க வேண்டும். இங்கே மூச்சு வாங்குவதே சண்டையின் ஒரு பகுதி. யோகாய் எனப்படும் பூதங்கள் கக்கிவிட்டுப் போகும் கறுப்புக் குட்டை மேல் நின்று அதைச் செய்தால் குட்டையும் கரைந்துவிடும். பல்ஸ் அடிக்கும்போதே ஸ்டான்ஸையும் மாற்றப் பழகிவிட்டால், அப்புறம் வேறு எந்த ஆக்‌ஷன் கேமைத் தொட்டாலும் கை தானாக ஆர்1-க்குப் போகும்.

நியோ 2 இதை அப்படியே வைத்துக்கொண்டு, மேலே பர்ஸ்ட் கவுன்டரைச் சேர்த்தது. எதிரி சிவப்பாக ஒளிர்ந்து பாய்ந்து வரும்போது, முதல் பாகத்தில் நாம் ஓடித்தான் ஆக வேண்டும். இதில் நேரே எதிரே போகலாம். நேரம் சரியாக அமைந்தால் பாஸ், அதாவது மிஷனின் முடிவில் வரும் பெரிய எதிரிகூட, தடுமாறி நிற்கும். அந்த ஒரு நொடிக்காகவே கேமை வாங்கலாம். எதிரிகளின் வகையிலும் முதல் பாகம் ரொம்பவே கஞ்சம்; பாதி தூரம் போவதற்குள் அதே ஓனி பூதத்தை எத்தனை முறை பார்ப்பது? இரண்டாவதில் அந்தக் குறை தீர்ந்திருக்கிறது. மூன்றாவது பாஸாக வரும் யாட்சு-நோ-காமி, கைகள்கூட பாம்புத் தலைகளாக விஷம் கக்கும் ஒரு ராட்சசப் பாம்பு. என்னைப் பாடாய்ப் படுத்திவிட்டது, ஆனாலும் ரசித்தேன்.

கதை? முதல் பாகத்தில் 1600-ல் ஜப்பான் வந்து சேர்ந்த வில்லியம் ஆடம்ஸ் என்ற நிஜமான ஆங்கில மாலுமியை வைத்து ஒரு கதை. இரண்டாவதில் நாமே உருவாக்கும் பாதி மனிதன், பாதி யோகாய். இரண்டிலும் வசனக் காட்சிகளின்போது போனைப் பார்த்தேன்.

சரி, எரிச்சலுக்கு வருகிறேன். லூட், அதாவது எதிரிகள் செத்ததும் விழும் பொருட்கள். ஒரு சாதாரண எலும்புக்கூட்டை அடித்தால் வாள், ஈட்டி, தொப்பி, கால்கவசம் என்று கல்யாண வீட்டுச் சீர்வரிசை மாதிரி கொட்டுகிறது. ஒவ்வொன்றுக்கும் அடியில் அரை டஜன் வரிகள், தசமப் புள்ளி போட்ட சதவீதங்கள். ஒரு மிஷனை முடித்ததும் கொல்லனிடம் போய் உட்கார்ந்து, நிறம்தான் தரம் என்பதால், வெள்ளையைப் பிரி, மஞ்சளைப் பிரி, நீலத்தில் எது தேறும் என்று பார். முதல் சுற்றில் ஊதா நிறத்தில் கிடைக்கும் 'எக்ஸோட்டிக்' ஆயுதத்தைக் கொஞ்சி வைத்திருந்தால், கேமை முடித்து மறுபடி ஆடும் அடுத்த சுற்றில் பச்சை நிற 'தெய்வீக' ஆயுதம் வந்து அதைக் குப்பையாக்கிவிடும். இது முதல் பாகத்திலேயே இருந்த நோய்.

நியோ 2-வில் அது முற்றிவிட்டது. இப்போது யோகாய்களின் ஆன்ம மணிகளும் விழுகின்றன. சன்னதிக்குக் கொண்டுபோய் சுத்திகரித்தால்தான் அவை நமக்குச் சொந்தம். அப்புறம் ஒரே வகை மணிகளை இணைத்து வலுவாக்கலாம், ஒவ்வொன்றும் எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று கணக்குப் பார்க்க வேண்டும், அதற்கும் தனி சதவீதங்கள். அதன் பயன் அருமையானதுதான், மறுக்கவில்லை: எங்கி என்ற குரங்கு யோகாயின் மணியைப் பூட்டிக்கொண்டு குரங்காக எம்பி ஈட்டியை எறிவது எனக்கு இன்றும் சலிக்கவில்லை. ஆனால் ராத்திரி கொஞ்ச நேரம் விளையாட உட்கார்பவனுக்கு, அதில் பெரும்பங்கு கணக்குப்பிள்ளை வேலைக்கே போய்விடுகிறது. வேண்டாததைக் கண்டுகொள்ளாமல் விடலாமே என்பார்கள். பை நிரம்பி வழியும்போது விட முடியாது. அதில் நல்லது ஒன்று இருந்துவிட்டால் என்ற நப்பாசையும் விடாது.

ஆக, சண்டை, எதிரிகள், ஆயுதங்கள், உடன் ஆட்களைச் சேர்த்து விளையாடும் வசதி என்று எதை எடுத்தாலும் இரண்டாவதுதான் ஒரு படி மேல். அப்படியிருந்தும் என் கன்சோலில் இப்போது இருப்பது முதல் பாகம். நியோ 2-வைப் போன வாரம் நீக்கினேன், மணிகளைத் தரம் பிரிக்கும் திரையில் இருந்தபோதே.

நண்பனுக்கு என் பதில்: முதலாவதையே வாங்கு. இரண்டாவதில் பழகிவிட்டுப் பின்னால் வந்தால், பர்ஸ்ட் கவுன்டர் இல்லாமல் கை தவிக்கும். முதல் பாகத்து பாஸ் ஹினோ-என்மா உன்னை அசையவிடாமல் முடக்கிப்போட்டு அடிக்கும்போது மட்டும் எனக்கு போன் பண்ணாதே.