புல்மலைக் குளிரில் பாதங்கள்: ஒன்பது ஆண்டு அனுபவம்

மூணாறு பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) பிறந்து வளர்ந்த நான், ஒன்பது ஆண்டுகளாக இரவிகுளம் தேசியப் பூங்காவை ஒட்டிய மலைகளில் வேட்டைத் தடுப்பு வாச்சராக வேலை பார்க்கிறேன். இந்தப் புல்மலைகள் ஒரு காலத்தில் தோட்டத்துத் துரைமார் துப்பாக்கியோடு ஏறிய வேட்டைக்காடுகள்; 1971இல் கேரள அரசு இவற்றைத் தன் வசம் எடுத்துக்கொண்டு, 1975இல் சரணாலயமாகவும் 1978இல் தேசியப் பூங்காவாகவும் அறிவித்தது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு இங்கே வேட்டை என்பது குற்றம். இருந்தாலும், குளிர்காலத்தில் வேட்டைக்குப் போகிறவன் படும் பாட்டையும் அவனைப் பிடிக்கக் காத்திருப்பவன் படும் பாட்டையும் பிரித்துச் சொல்ல முடியாது. இருவரும் மணிக்கணக்கில் மலையேறி வியர்க்கிறார்கள். பிறகு ஓரிடத்தில் இருமக்கூட முடியாமல் அசையாது உட்கார்ந்திருக்கிறார்கள். இந்த இரண்டாவது பகுதியில்தான் கால் விறைக்கிறது.

எங்களுக்கு மழைக்காலத்தைவிடத் தை, மாசி மாதங்கள்தான் கடினமானவை. வரையாடுகள் குட்டி போடும் காலம் அது. பூங்காவைப் பார்வையாளர்களுக்கு மூடிவிடுவதால் காட்டில் ஆள் நடமாட்டம் குறைந்து, எங்கள் காவல் கூடும். மேகமில்லாத இரவுகளில் சதுப்புகளிலும் ஓடைப் பள்ளங்களிலும் உறைபனி பிடித்து, விடியும்போது புல் முழுவதும் உப்புத் தூவியதுபோல் வெளுத்துக் கிடக்கும். வெயில் ஏறியதும் அது உருகி, முழங்கால் வரை நம்மை நனைத்துவிடும். மழை பெய்யாத மாதத்தில் கால் நனைகிறது என்று சொன்னால் சமவெளிக்காரர்கள் நம்ப மாட்டார்கள்.

முதல் குளிர்காலத்தில் நான் செய்த தவறை முதலில் சொல்லிவிடுகிறேன். பருத்திக் காலுறை இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக இழுத்து மாட்டி, அதற்குமேல் என் வழக்கமான அளவிலேயே வாங்கிய தோல் பூட்ஸில் காலைத் திணித்துக்கொண்டு போனேன். உறை இரண்டானால் சூடும் இரண்டு மடங்காகும் என்பது என் கணக்கு. இறுக்கத்தில் ரத்த ஓட்டம் குறைந்தது. ஏற்றத்தில் வந்த வியர்வையை உறிஞ்சிய பருத்தி, உட்கார்ந்த பிறகு ஈரத்துணி சுற்றியதுபோல் ஆகிவிட்டது. அதிகாலையில் முகாமுக்குத் திரும்பி பூட்ஸைக் கழற்றியபோது, விரல்கள் மெழுகு நிறத்தில், கிள்ளினாலும் தெரியாத நிலையில் இருந்தன. நேராக அடுப்புத் தீயின் முன் காலை நீட்டினேன். சூடு எதுவும் தெரியாததால் இன்னும் கொஞ்சம் நீட்டினேன். எங்களோடு இருந்த, முதுவான் பழங்குடியைச் சேர்ந்த மூத்தவர், "தம்பி, காலை உள்ளே இழு, தோல் வேகுது!" என்று கத்திய பிறகுதான் பார்த்தேன், பெருவிரல் ஓரத்தில் கொப்புளம் எழும்பியிருந்தது. மரத்துப்போன காலைத் தீயில் காட்டவும் கூடாது, தேய்க்கவும் கூடாது; முழங்கையை விட்டுப் பார்த்தால் இதமாகத் தெரிகிற வெதுவெதுப்பான நீரில்தான் வைக்க வேண்டும் என்பதை அந்தக் கொப்புளம் ஆறுவதற்கான மூன்று வாரத்தில் நன்றாகக் கற்றுக்கொண்டேன்.

அதன்பிறகு வாங்கியவற்றில் மிக நீண்ட காலம் உழைத்தது கம்பூட்ஸ்தான். தோட்டத்தில் மருந்தடிக்கிறவர்களும் கவாத்து வெட்டுகிறவர்களும் போடுகிற அதே முழங்கால் உயரக் கறுப்பு பூட்ஸ். மூணாறு பஜாரில் ஐந்நூறு ரூபாய்க்குள் வாங்கினேன். வெளியிலிருந்து ஒரு சொட்டு நீர் உள்ளே வராது, சதுப்பில் தைரியமாக இறங்கலாம், அட்டையும் எளிதில் ஏறாது. ஆனால் நீரை உள்ளே விடாத அந்த ரப்பர், வியர்வையையும் வெளியே விடாது. இரண்டு மணி நேர ஏற்றத்திற்குப் பிறகு கழற்றிக் கவிழ்த்தால் உள்சுவர் முழுவதும் முத்து முத்தாக ஈரம் கோத்திருக்கும். காலுறையின் நுனியைப் பிழிந்தால் சொட்டும். ஓடையில் இறங்காமலேயே கால் நனைந்துவிட்டதே என்று முதலில் ஓட்டை தேடினேன். ஓட்டை எங்கும் இல்லை. காலை நனைத்தது என் வியர்வைதான். அடிப்பகுதி மெலிதாக இருப்பதால் தரைக் குளிரும் நேராக ஏறும். பாறையில் இறங்கும்போது வழுக்குவது தனிக்கதை.

ஜங்கிள் ஷூ என்கிற கான்வாஸ் துணி பூட்ஸ் எடை குறைவு, நனைந்தால் விரைவில் உலரும். கோடைக்கு அதைவிட நல்லது எதுவும் இல்லை, பனிக்கு உதவாது. தோல் பூட்ஸ், மெழுகு பூசிப் பராமரித்தால் குளிருக்கு நல்லது. ஆனால் தென்மேற்குப் பருவமழையில் ஒரு வாரம் தொடர்ந்து நனைந்தால் பூஞ்சை பிடித்துப் பச்சையாகிவிடும்.

நீர் உள்ளே வராமல் ஆவியை மட்டும் வெளியே விடும் மெல்லிய சவ்வு வைத்த மலையேற்ற ஷூ ஒன்றை, ஏழாயிரம் ரூபாய் கொடுத்து நான்காவது ஆண்டில் வாங்கினேன். ஜனவரியின் உலர்ந்த காற்றில் அது மிக அருமையாக வேலை செய்தது. ஜூலையில் ஏமாற்றியது. குறை ஷூவில் இல்லை. உள்ளே இருக்கும் ஆவி வெளியேற வேண்டுமானால் வெளிக்காற்று உள்ளே இருப்பதைவிட உலர்ந்திருக்க வேண்டும், எங்கள் மழைக்காலக் காற்றே ஈரத்துணி போல இருக்கும்போது அந்தச் சவ்வு என்ன செய்யும்? வாங்கிய பிறகு வந்த மூன்றாம் குளிர்காலத்தில், விரல் மடங்கும் இடத்தில் சவ்வு தேய்ந்து நீர் வரத் தொடங்கியது. பனிக்கு மட்டும் பயன்படுத்தியிருந்தால் இன்னும் சில ஆண்டுகள் வந்திருக்கும்.

இத்தனை பூட்ஸ் மாற்றிய பிறகும் என் கருத்து, பணத்தைக் காலுறையில் போடுவதுதான் லாபம் என்பது. இப்போது ஏறும்போது மெல்லிய செயற்கை இழைக் காலுறை ஒன்றை மட்டும் போடுகிறேன். கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி, பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டி, சட்டைக்குள் வயிற்றோடு ஒட்டி இருக்கும். காவலிருக்கும் இடத்தை அடைந்ததும், உடல் சூடு ஆறுவதற்கு முன்பே, முதல் வேலையாக பூட்ஸைக் கழற்றி, காலைத் துண்டால் விரலிடுக்கு வரை துடைத்து, உட்சுவரையும் துடைத்துவிட்டு, வயிற்றுச் சூட்டில் இருந்த கம்பளியை மாட்டிக்கொள்கிறேன். கம்பளி ஓரளவு ஈரமானாலும் சூட்டை முழுதாக விட்டுவிடாது; பருத்திக்கு அந்தக் குணம் இல்லை. இதற்கு இடம் வேண்டும் என்பதால் பூட்ஸை ஒரு அளவு பெரியதாக வாங்குகிறேன். உள்ளே விரல்களை மடக்கி நீட்ட முடிய வேண்டும். இருட்டில் அந்த ஐந்து நிமிடம் வெறுங்காலோடு இருப்பதற்கு மனம் வராது என்பது உண்மைதான். புதிதாக வரும் பையன்கள் இதைத்தான் தவிர்க்கப் பார்ப்பார்கள். நள்ளிரவுக்குமேல் காலைத் தட்டிக்கொண்டிருப்பவர்களும் அவர்களே.

உட்காரும் இடமும் முக்கியம். குளிர்ந்த காற்று கனமானது என்பதால் பள்ளத்தில் தேங்கும். சதுப்பிலிருந்து முப்பது நாற்பது அடி மேலே ஏறி உட்கார்ந்தால் வித்தியாசம் காலில் தெரியும். வெறும் பாறையில் பாதத்தை வைக்காமல் காய்ந்த புல்லைக் கனமாகப் பரப்பி, அதன்மேல் மடித்த சாக்கு போட்டுக் காலை வைக்கிறோம். தலையும் மார்பும் குளிர்ந்தால் உடல் கைகால்களுக்கு அனுப்பும் ரத்தத்தைக் குறைத்துக்கொள்ளும் என்பதால், கம்பளித் தொப்பியும் பாதத்திற்கான உடைதான். பீடி குடித்தால் குளிர் தெரியாது என்று எங்களில் பலர் சொல்வார்கள். புகையிலை ரத்தக் குழாயைச் சுருக்கி விரல் நுனியை மேலும் குளிரச் செய்யும் என்று நான் சொன்னால், சிரித்துக்கொண்டே பற்றவைப்பார்கள். காவலில் பீடி நெருப்பே கூடாது என்பது வேறு விஷயம்.

நனைந்த பூட்ஸை அடுப்புக்கு அருகில் வைத்து இரண்டு ஜோடியைக் கெடுத்திருக்கிறேன். தோல் வெடித்தது, அடிப்பாகம் பசை விட்டுப் பிரிந்தது. பழைய செய்தித்தாளைக் கசக்கித் திணித்து, இரண்டு மணி நேரத்திற்கு ஒருமுறை மாற்றினால் ஓர் இரவில் பெரும்பகுதி உலர்ந்துவிடும். ஈரம் பூஜ்ஜிய டிகிரியில்தான் கெடுக்கும் என்பதில்லை. பத்துப் பதினைந்து டிகிரியிலும் நாள்கணக்கில் நனைந்தே இருந்தால் பாதம் வெளுத்து, வீங்கி, புண்ணாகும். முதல் உலகப் போரில் பதுங்குகுழிகளில் நின்ற சிப்பாய்களை முடக்கியது இதுதான். அதனால் முகாமில் தூங்கப் போகும் முன் கால் உலர்ந்திருக்கிறதா என்று ஒருவர் மற்றவரிடம் கேட்பது எங்கள் வழக்கம். தேங்காய் எண்ணெய் தடவலாம். மூணாற்றுக் குளிரில் அது பாட்டிலில் கட்டியாக இருப்பதால், குச்சியால் சுரண்டி எடுத்து உள்ளங்கையில் உருக்க வேண்டியிருக்கும்.

இப்போது என்னிடம் பனிக்கு ஒரு தோல் பூட்ஸ், மழைக்கு ஒரு கம்பூட்ஸ், கம்பளிக் காலுறை நான்கு ஜோடி இருக்கின்றன. காலுறையில் ஒரு ஜோடி என் அம்மா பின்னியது. குதிகாலில் இரண்டு முறை தைத்தாகிவிட்டது, காவலுக்குப் போகும்போது வயிற்றோடு வைத்துக்கொள்வது அதைத்தான்.