டிப்ஸி டைவர் எண் 1: ஈரி ஏரிக் கோடைக்கு வாங்கலாமா?

ஜூலை வந்துவிட்டால் அமெரிக்க-கனடா எல்லையிலுள்ள ஈரி ஏரியின் பெரிய வால்ஐ மீன்கள் மேற்குப் படுகையில் அதிகம் தங்குவதில்லை. அங்கே சராசரி ஆழமே 24 அடிதான். தண்ணீர் சூடேற ஏற, சுமார் 60 அடி சராசரி ஆழமுள்ள நடுப் படுகைப் பக்கம் கிழக்கே நகர்ந்துவிடும். அங்கேயும் பெரும்பாலும் தரையோடு கிடக்காமல், நடுத் தண்ணீரில் இரைமீன் கூட்டத்தின் பின்னால் திரியும். அந்த ஆழத்துக்கு ஸ்பூனை (கரண்டி வடிவ உலோகப் போலி இரையை) இறக்கவும் வேண்டும், படகைவிட்டுப் பக்கவாட்டில் தள்ளி ஓட்டவும் வேண்டும். டவுன்ரிக்கருக்கு (கனமான எடையைக் கம்பியில் இறக்கும் கருவிக்கு) செலவழிக்க மனமில்லாதவர்களுக்கு, இரையை ஆழத்துக்கு இழுத்துச் செல்லும் லூர்-ஜென்சன் நிறுவனத்தின் டிப்ஸி டைவர் நல்ல வழி. ஆனால் சரியாகப் பூட்டினால்தான்.

சாமான் எளிது. ஏறத்தாழ 5 அங்குல அகலத்தில் ஒரு பிளாஸ்டிக் தட்டு, அடியில் திருகக்கூடிய ஒரு எடைத்தட்டு. அதை 0-வில் வைத்தால் படகுக்கு நேர் பின்னால், அதிக ஆழத்தில் ஓடும். 3-க்குத் திருகினால் நன்றாக வெளியே விலகும், ஆழம் குறையும். படகின் இடப்பக்கத்துக்கு எல், வலப்பக்கத்துக்கு ஆர். மாற்றி வைத்தால் இரண்டும் படகுக்குப் பின்னால் ஒன்றையொன்று குறுக்கே வெட்டி, அரை மணி நேரம் சிக்கெடுக்க வைக்கும். பக்கத்துக்கு இரண்டு தூண்டில் கோல் என்றால் உள்கோல் 1, வெளிக்கோல் 3. கூட வரும் வளையம் ஆழத்தைக் கூட்டும், ஆனால் இழுவையும் ஏறி கோல் வில்லாக வளைந்துவிடும். வால்ஐக்கு அதைக் கழற்றி வைப்பதே மேல்.

எல்லோரும் கோட்டைவிடும் இடம் விடுவிப்புத் திருகு. மீன் கடித்ததும் தட்டிலுள்ள கொக்கி விடுபட்டு, தட்டு படுத்துக்கொள்ள வேண்டும். அப்போதுதான் சுற்றி இழுப்பது சுலபம். திருகை இறுக்கிவிட்டால் தட்டு முழு எதிர்ப்போடு வரும். அந்த இழுப்பில் வால்ஐயின் வாய் கிழிந்து மீன் போய்விடும். தளர்த்திவிட்டால் அலைக்கெல்லாம் விடுபட்டு, ஸ்பூன் மேல்தண்ணீரில் வெறுமனே ஊர்வலம் போகும். ஓடும் வேகத்தில் படகோரமாகவே இறக்கி, கோலை ஒரே வெட்டாக வெடுக்கென்று இழுத்துப் பாருங்கள். அப்போது விடுபட வேண்டும். இல்லையென்றால் கால் சுற்று தளர்த்தி மறுபடி பாருங்கள். நைலான் தூண்டில் நரம்பு இழுபட்டு நீள்வதால், 100 அடிக்கு மேல் விட்டபின் வெட்டின் வேகம் தட்டைப் போய்ச் சேராது. அதனால்தான் 30 பவுண்டு தாங்கும் பிரெய்டு (பின்னிய நரம்பு). அது மெல்லியது என்பதால் தட்டு இன்னும் ஆழமும் போகும்.

தட்டுக்குப் பின்னால் 6 முதல் 7 அடி, 20 பவுண்டு ஃப்ளூரோகார்பன் நரம்பு போதும். கோலின் நீளத்தைவிட அது கூடினால், தட்டு கோல்முனையில் வந்து முட்டி நிற்கும்போது மீன் கைவலைக்கு எட்டாது. பிரெய்டு நீளாது, ஆகவே டிராக்கை (ரீலின் பிடிமானத்தை) தளர்வாக, ஓட்டத்தில் நரம்பு நழுவாத அளவுக்கு மட்டும் வையுங்கள். லைன் கவுன்டர் (விட்ட நரம்பின் அடிக்கணக்கு காட்டும் மானி) இல்லாத ரீலில் இதைப் பயன்படுத்துவது வீண். ஒரு கோலில் மீன் விழுந்தால், அதே எண்ணையும் அதே அடியையும் அடுத்த கோலுக்கு வைக்க முடிய வேண்டுமே. நரம்பை மொத்தமாக அவிழ்த்து விடாமல், கட்டைவிரலால் தடுத்துத் தடுத்து விடுங்கள். இல்லாவிட்டால் ஸ்பூன் தட்டைச் சுற்றிக்கொள்ளும்.

வேகம் மணிக்கு 1.8 முதல் 2.4 மைல். திரும்பும்போது உள்பக்கத் தட்டு மெதுவாகி இறங்கும், வெளிப்பக்கத் தட்டு வேகமெடுக்கும். எந்தப் பக்கம் கடிக்கிறது என்று பார்த்தால் வேகத்தைக் குறைக்கவா கூட்டவா என்பது தெரிந்துவிடும். படகை நிறுத்தினால் எடைத்தட்டு நேராகத் தரைக்குப் போகும். அங்கே கிடக்கும் சிப்பி ஓடுகள் நரம்பை அறுத்துவிடும்.

ஒரு குறை உண்டு. சின்ன ஒயிட் பாஸ் மீனோ கையகல வால்ஐயோ மாட்டினால் தட்டு விடுபடாது. அதை இழுத்துக்கொண்டே மைல் கணக்கில் போவோம். கோல்முனையின் துடிப்பு ஒருமாதிரி மந்தமாகத் தெரிந்தால் சுற்றிப் பார்த்துவிடுவது நல்லது.

பெர்ச் மீனுக்காக இதை வாங்காதீர்கள். அதற்கு நங்கூரம் போட்டு நிற்க வேண்டும். 1 அவுன்ஸ் ஈயம், அதற்கு மேலே 6-ஆம் எண் முள் இரண்டு, எமரால்டு ஷைனர் என்ற சின்ன மீன் இரை. ஈயம் தரையைத் தொட்டதும் நரம்பை விறைப்பாக வைத்து, லேசாகத் தட்டினாலே வெட்டிவிடுங்கள். கால் மணி நேரம் கடி இல்லையென்றால் இடம் மாறுங்கள். கோடைக் கடைசியில் நடுப் படுகையின் அடித்தண்ணீரில் ஆக்சிஜன் தீர்ந்துபோகும். அப்போது ஆழத்தில் காத்திருப்பதைவிட ஆழம் குறைந்த பக்கம் நகர்ந்து தேடுவதே புத்தி.

வாங்குவதானால் எண் 1 அளவில் இரண்டு வாங்குங்கள். ஒரே தட்டு இரு பக்கத்துக்கும் திருகிக்கொள்ளலாம். எண் 0 அளவு கையடக்கமாக இருக்கிறதே என்று எடுத்தால், 40 அடிக்கு அதை இறக்க ரீலில் பாதி நரம்பு போய்விடும்.