பயோகாஸ் பை: வாங்கலாம், தண்ணீர்ப் போத்தலை மட்டும் நீங்களே வையுங்கள்

சாண எரிவாயுவைச் சேர்த்து வைக்கிற பை ஒன்றைக் கொழும்பிலிருந்து எடுப்பித்தோம். இரண்டு கன மீற்றர் கொள்ளும். தடித்த பிவிசி, செங்கபில நிறம், ஓரங்களில் பட்டி கட்ட வளையங்கள். விலை ஒரு நல்ல சைக்கிளின் விலைக்குக் கொஞ்சம் குறைவு. பைக்கு ஐந்தில் நான்கு கொடுப்பேன். அதே பெட்டியில் வந்த மற்றச் சாமான்களுக்கு இரண்டுக்கு மேல் கொடுக்க மனம் வரவில்லை.

திருகோணமலைப் பக்கம் சாம்பல்தீவில் எங்களிடம் மூன்று மாடு, சாணத்திலிருந்து காஸ் எடுக்க வளவுக்குள் நிலத்துக்குக் கீழே கட்டிய குவிமாடத் தொட்டி ஒன்று. விடியப்புறம் இடியப்பம் அவித்து உப்புவெளிப் பக்கத்து விடுதிகளுக்குக் கொடுக்கிறோம். வெளிநாட்டுக்காரர் வந்து குவிகிற காலம் மே முதல் செப்டெம்பர் வரை. கச்சான் காற்று வீசுகிற காலமும் அதுதான். அந்தச் சூட்டில் தொட்டி நன்றாக வேலை செய்யும். ஒரு கிலோ பச்சைச் சாணத்துக்கு 30, 40 லீற்றர் காஸ் என்று கணக்கு, மாட்டுக்குப் பத்துக் கிலோ என்று வைத்தால் நாளுக்கு ஒரு கன மீற்றர் வரும். ஆனால் அடுப்பு எரிகிறது விடியலில் மூன்று மணித்தியாலம்தான். பகலெல்லாம் ஊறுகிற காஸைத் தொட்டி கொள்ளுமட்டும் கொள்ளும். மிச்சக் காஸ், சாணம் கரைத்து ஊற்றுகிற வாயால் குமிழிவிட்டுப் போய்விடும். 2022 இல் ஒரு சிலிண்டருக்காக வரிசையில் காய்ந்தவர்களுக்கு அதைப் பார்த்துக்கொண்டிருக்க வயிறு எரியும்.

"சேமிக்க வேணுமெண்டால் பழைய சிலிண்டருக்குள்ள அடைக்கலாமே அக்கா, டயருக்குக் காத்தடிக்கிற கொம்பிரசர் போதும்" என்று சொல்ல ஊரில் நாலு பேர் இருக்கிறார்கள். காணொளியும் காட்டுவார்கள். தயவுசெய்து வேண்டாம். கடையில் வாங்குகிற காஸ் புரொப்பேனும் பியூட்டேனும். சாதாரண வெப்பத்திலேயே கொஞ்சம் அழுத்தினால் திரவமாகிவிடும், அதனால்தான் அந்தச் சின்னச் சிலிண்டருக்குள் 12.5 கிலோ அடங்குகிறது. நம்முடைய காஸில் எரிவது மெதேன். அதைப் பூச்சியத்துக்குக் கீழே 82 பாகைக்கும் மேல் குளிரவைக்காமல், எவ்வளவு அழுத்தினாலும் திரவமாகாது. 30 லீற்றர்ச் சிலிண்டருக்குள் எட்டு மடங்கு அழுத்தி அடைத்தாலும் கிடைக்கிறது 240 லீற்றர், ஒரு அடுப்புக்கு ஒரு மணித்தியாலத்துக்குக்கூடக் காணாது. அதற்காக ஈரமும், கூழ்முட்டை நாற்றம் தருகிற ஐதரசன் சல்பைட்டு வாயுவும் உள்ளிருந்து இரும்பை அரிக்கிற ஒரு குண்டைக் குசினிக்குள் வைத்திருப்பதா? கொம்பிரசர் எங்கேயாவது காற்றையும் சேர்த்து இழுத்துவிட்டால் கதை அதோடு முடிந்தது. மெதேன் காற்றோடு 5 முதல் 15 வீதம் வரை கலந்திருக்கும்போதுதான் வெடிக்கும். காற்றில்லாமல் தனியாக இருக்கிற காஸ் வெடிக்காது.

பை நல்லது என்று நான் சொல்வதும் இதனால்தான். உள்ளே அழுத்தம் என்று சொல்ல ஒன்றும் இல்லை. ஓட்டை விழுந்தால் புஸ்ஸென்று வெளியே போகும், அவ்வளவுதான். முழுப் பையையும் எரித்தால் வருகிற வெப்பம், கடைக் காஸ் ஒரு கிலோ தருவதைவிடக் குறைவு. ஆளுயரப் பையைப் பார்த்துப் பயப்படுகிற என் மாமி, அடுப்புக்குப் பக்கத்தில் நிற்கிற சிலிண்டரைப் பற்றி ஒருநாளும் கவலைப்பட்டதில்லை.

அழுத்தம் இல்லாததே கரைச்சலும்கூட. அடுப்பு நீல நிறத்தில் எரிய ஐந்து முதல் எட்டுச் சென்ரிமீற்றர் நீர் அழுத்தமாவது (அவ்வளவு உயரத் தண்ணீர் கீழே கொடுக்கிற அழுத்தம்) வேண்டும். பூட்ட வந்த தம்பி இரண்டு செங்கல்லைப் பைக்கு மேல் வைத்துவிட்டு "இது காணும் அக்கா" என்றான். காணாது. ஐந்து சென்ரிமீற்றர் வேண்டுமென்றால் ஒரு சதுர மீற்றருக்கு 50 கிலோ ஏற்ற வேண்டும். மண்மூட்டை அடுக்கியிருந்தால் பை ஒரு பக்கம் சரிந்திருக்கும், ஆகவே பழைய லொறி டியூபைப் பட்டி பட்டியாக வெட்டிச் சுற்றிக் கட்டினோம். பெட்டியோடு ஒரு சின்ன மின்பம்பும் வந்தது. அதை நான் பூட்டவே விடவில்லை. பட்டி இறுக்குகிற வரைக்கும் எங்கே ஓட்டை இருந்தாலும் காஸ் வெளியே போகுமே தவிரக் காற்று உள்ளே வராது. பம்பு இழுத்தால் அது தலைகீழாகிவிடும்.

அடுத்தது தண்ணீர்ப் போத்தல். கடைக்காரரோடு எனக்கு உண்மையான கோபம் இதில்தான். எங்களுடையதைப் போன்ற குவிமாடத் தொட்டி தானாகவே ஒரு மீற்றர் நீர் அழுத்தம்வரைக்கும் ஏறக்கூடியது. பை நிறைந்த பிறகும் காஸ் வந்துகொண்டே இருந்தால் எது விட்டுக்கொடுக்கும்? பையின் ஒட்டுத்தான். அதைத் தடுக்க ஒரு வழி வைத்திருக்க வேண்டும், பெட்டியில் அப்படி ஒன்றும் இல்லை. நாங்கள் வைத்தது: பைக்கு வருகிற குழாயில் ஒரு ரீ (மூன்று வாய் மூட்டு) போட்டு, அதன் கிளையை ஒன்றரை லீற்றர்ச் சோடாப் போத்தலுக்குள் விட்டு, நுனி தண்ணீருக்குள் 12 சென்ரிமீற்றர் நிற்கும்படி கட்டினோம். அழுத்தம் 12 ஐத் தாண்டினால் காஸ் குமிழியிட்டு வெளியே போகும். நடுவில் வால்வு கிடையாது, யாரும் மறந்து பூட்டிவிட முடியாது. போத்தலின் வாய் திறந்தே இருக்க வேண்டும், அதுவும் கூரைக்கு வெளியே, நெருப்பில்லாத இடத்தில்.

நம்முடைய வெயிலில் அந்தத் தண்ணீர் வற்றிப்போகும். வற்றினால் பையிலுள்ள காஸ் முழுவதும் அந்த வழியாலேயே போய்விடும். மேலே கொஞ்சம் தேங்காயெண்ணெய் விட்டால் வற்றுவது குறையும், நுளம்பும் முட்டையிடாது. டெங்குச் சோதனைக்கு வருகிறவர்கள் வளவுக்குள் இருக்கிற சிரட்டையையே விடமாட்டார்கள், போத்தலை விடுவார்களா?

பையை எங்கே வைப்பது? வீட்டுக்குள் வேண்டவே வேண்டாம், பரணும் வேண்டாம். பயோகாஸ் காற்றைவிடக் கொஞ்சம் இலேசு. கடைக் காஸ் மாதிரித் தரையில் தேங்காமல் மேலே ஏறிக் கூரைக்குக் கீழே நிற்கும். எங்களுடையது மாட்டுக்கொட்டிலுக்கு அப்பால், நாலு பக்கமும் திறந்த தகரப் பந்தலுக்குள். கிடுகு மலிவுதான், ஆனால் ஒரு பொறி விழுந்தால் போதும், எலியும் குடியிருக்கும். நிழல் இல்லாமல் வைத்தால் பிவிசி வெயிலில் விறைத்து விரிசல் விட்டுவிடும் என்று பெட்டியோடு வந்த தாளிலேயே இருக்கிறது. அந்தத் தாளில் சீனமும் ஆங்கிலமும் மட்டும்தான், மகள் வாசித்துச் சொன்னாள். 2020 இல் புரேவிப் புயல் குச்சவெளிப் பக்கமாகக் கரையேறியதை மறக்காதவர்கள் மார்கழி மழைக்கு முன்னரே பையைக் காலியாக்கிச் சுருட்டி உள்ளே வைத்துவிடுவார்கள். குளிரில் காஸும் குறைவுதானே. மறுபடி பூட்டும்போது தரையில் விரித்து உருட்டிக் காற்று முழுவதையும் வெளியேற்றிவிட்டுத்தான் குழாயைக் கொளுவ வேண்டும்.

மற்றச் சாமான்கள். பித்தளை வால்வு கறுத்து இறுகிவிட்டது. கூழ்முட்டை நாற்றம் தருகிற ஐதரசன் சல்பைட்டுக்குச் செம்பும் பித்தளையும் ஆகவே ஆகாது. கம்பனிக்காரருக்கு இது தெரியாமல் இருக்க நியாயமில்லை. ஹாட்வெயார் கடையில் பிவிசி வால்வு வாங்கி மாற்றினோம். இரும்புத் துருக் குளிசைகள் நிறைத்த வடிகட்டி மட்டும் அருமை. நாற்றம் அப்படியே குறைந்தது. குளிசை கறுத்ததும் வெளியே எடுத்துப் பரப்பினால் காற்றுப் பட்டுப் பழையபடி செந்நிறமாகும். அப்போது அது சூடேறும், சில நேரம் நெருப்பே பிடிக்கலாம், ஆகவே பையிலிருந்து தள்ளி வெறும் மண்ணில் பரப்ப வேண்டும். தாளில் அதைப்பற்றி ஒரு வரிகூட இல்லை. அடுப்புக்குக் கிட்டக் குழாய்க்குள் வைக்கிற தீத்தடுப்பு வலையும் வரவில்லை, துருப்பிடிக்காத கம்பி வலையைச் சுருட்டி நாங்களே செருகினோம். மூட்டுகளுக்குச் சவர்க்காரத் தண்ணீர் பூசிப் பார்ப்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

கன்னியா, தம்பலகாமம், மூதூர்ப் பக்கம் மாடும் வளவும் உள்ளவர்கள் யோசிக்காமல் வாங்கலாம், பம்பு இல்லாமல் பையும் வடிகட்டியும் மட்டும் தரச்சொல்லி விலை பேசுங்கள். நகருக்குள் மதிலோடு மதிலாக வீடு உள்ளவர்களுக்கு இது சரிவராது. திறந்த இடம் கிடைத்தாலும், கோட்டைப் பக்கத்து மான்கள் ஒழுங்கைக்குள் வந்து காயப்போட்ட சேலையையே சப்புகிற ஊர் இது. ரப்பர்க் குழாயை விட்டுவைக்கும் என்று நான் உத்தரவாதம் தரமாட்டேன்.