முழங்கால் வலிக்கும்போது வலி யாருக்கு? மூன்று தியான முறைகளும் ஒரு திருவண்ணாமலைக் கேள்வியும்

சம்மணம் போட்டு, கண்ணை மூடி உட்கார்ந்து முக்கால் மணி நேரம் ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இடது முழங்காலில் வலி ஏறிக்கொண்டே போகிறது. இப்போது என்ன செய்வது? ஒரு தியான முறை நம்மை எங்கே கூட்டிப்போகும் என்று தெரிய, இந்தக் கேள்விக்கு அது சொல்லும் பதிலைப் பார்த்தால் போதும். மூச்சைக் கவனி என்றுதான் எல்லாரும் ஆரம்பிக்கிறார்கள். முழங்கால் வலிக்கும் இடத்தில்தான் பாதை பிரிகிறது.

புத்தர் சொன்ன அனாத்மாவை (‘நான்’ என்று நிலையாக ஒன்று இல்லை என்ற பார்வையை) வைத்து இந்த முறைகளை ஒப்பிடலாம் என்பதால், அது என்னவென்று முதலில் பார்த்துவிடுவோம். சாரநாத்தில் ஐந்து துறவிகளிடம் அவர் பேசிய இரண்டாவது பேருரையில் வரும் வாதம் மிக எளிமையானது. இந்த உடல் ‘நான்’ என்றால், ‘இப்படி இரு, அப்படி இராதே’ என்று சொன்னால் அது கேட்க வேண்டும். கேட்பதில்லையே! நுகர்ச்சியும், அதாவது இன்ப துன்ப உணர்ச்சியும், கேட்பதில்லை. அடையாளம் காணும் குறிப்பு, மனத்தின் செயல்கள், கடைசியில் அறியும் உணர்வு, எதுவுமே சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. ஆகவே ஒவ்வொன்றையும் ‘இது என்னுடையதல்ல, இது நானல்ல, இது என் ஆன்மா அல்ல’ என்று பார்க்கச் சொன்னார். ஆனால் வச்சகோத்தர் என்ற துறவி வந்து ஆன்மா உண்டா, இல்லையா என்று நேராகக் கேட்டபோது இரண்டு கேள்விக்கும் பதில் சொல்லாமல் இருந்துவிட்டார். பட்டிமன்றத்தில் நிற்க ஒரு அணியை அவர் தரவில்லை; பார்த்துத் தெரிந்துகொள்ளச் சொன்னார். பார்க்க முழங்காலைவிட நல்ல இடம் கிடையாது.

மருத்துவமனைகளிலும் ஐடி கம்பெனிகளிலும் இன்று ‘மைண்ட்ஃபுல்னெஸ்’ என்று சொல்லிக்கொடுப்பதில் பெரும்பகுதி ஜான் கபட்-ஜின் 1979இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் தொடங்கிய எம்பிஎஸ்ஆர் (மைண்ட்ஃபுல்னெஸ் வழியாக மன அழுத்தத்தைக் குறைக்கும்) பயிற்சியிலிருந்து வந்தது. எட்டு வாரம், வாரம் ஒரு வகுப்பு, வீட்டில் தினம் முக்கால் மணி நேரம். மருந்துக்கு மசியாத நாள்பட்ட வலியோடு வந்தவர்களைக் கொண்டு தொடங்கிய திட்டம் இது. 1982இல் வந்த முதல் ஆய்வுக் கட்டுரையே அப்படிப்பட்ட 51 பேரைப் பற்றியது. முழங்கால் விஷயத்தில் இதன் பதில் கனிவானது. வலியை உடம்பில் எழும் உணர்ச்சியாக மட்டும் பார், ‘இது எப்போது தீருமோ’ என்ற புலம்பலைத் தனியாகப் பார். தாங்க முடியாவிட்டால் காலை நகர்த்து, நகர்த்துவதையும் கவனி. வலி குறையாவிட்டாலும் அவதி குறையும். 2014இல் 47 பரிசோதனைகளைத் தொகுத்துப் பார்த்த ஒரு ஆய்வு, இத்தகைய தியானப் பயிற்சிகளால் பதற்றம், மனச்சோர்வு, வலி ஆகியவற்றில் மிதமான பலன் உண்டு என்றது. மருந்தையோ உடற்பயிற்சியையோ விட மேல் என்பதற்குச் சான்றில்லை என்றும் அதே ஆய்வு சொன்னது. இந்த இரண்டாவது பாதியை விளம்பரங்களில் பார்க்க முடியாது.

‘எண்ணங்கள் வெறும் எண்ணங்கள், அவை நீ அல்ல’ என்பது வரை எம்பிஎஸ்ஆர் வருகிறது. அப்படியானால் அவற்றைப் பார்க்கிற நான் யார் என்று அது கேட்பதில்லை. பார்ப்பவர் நாற்காலியில் நிம்மதியாக உட்கார்ந்திருக்கிறார், அவரை அங்கேயே விட்டுவிடுகிறார்கள். வலி தீர வந்தவரிடம் ‘நீயே இல்லை’ என்று சொல்வது வைத்தியம் ஆகாது என்பதால் இதை நான் குறையாகச் சொல்லமாட்டேன். என் புகாரெல்லாம் ஆப்கள் மேல்தான். ‘இன்றோடு தொடர்ந்து நாற்பது நாள்! அருமை!’ என்று பட்டாசு வெடிக்கிற ஒரு செயலி, தியானம் செய்கிற ‘நான்’ என்று புதிதாக ஒருவரை வளர்த்துவிடுகிறது.

அடுத்து கோயங்காவின் பத்து நாள் விபாசனா. பர்மாவின் தலைமைக் கணக்காயராக இருந்த ஊ பா கின்னிடம் தீராத ஒற்றைத் தலைவலியோடு போய்க் கற்று, 1969இல் இந்தியாவுக்குக் கொண்டுவந்தார் பர்மாவில் தொழிலதிபராக இருந்த கோயங்கா. இகத்புரிதான் தலைமையிடம், நம் பக்கம் சென்னையை ஒட்டி திருமுடிவாக்கத்தில் மையம் இருக்கிறது. கட்டணம் கிடையாது. காலை நான்கு மணிக்கு மணி அடிக்கும், போனை வாங்கி வைத்துவிடுவார்கள், பேச்சு கிடையாது, புதியவர்களுக்கு மாலையில் பழமும் டீயும்தான். முதல் மூன்று நாள் மூச்சு. நான்காம் நாளிலிருந்து உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரை உடம்பின் உணர்ச்சிகளை வரிசையாகப் பார்த்துக்கொண்டு போக வேண்டும். அப்புறம்தான் ‘அதிட்டானம்’: நாளுக்கு மூன்று முறை, ஒரு மணி நேரம் கை கால் அசைக்காமல், கண் திறக்காமல் இருப்பது.

முழங்காலுக்கு இங்கே சலுகை கிடையாது. நகராதே, வலியிலேயே நின்றும் விடாதே. வரிசையில் அது வரும்போது பார், அனித்தியம், அதாவது நிலையில்லாதது என்று தெரிந்துகொள், அடுத்த இடத்துக்குப் போ. மணிமேகலையின் பன்னிரு நிதானங்களில் ஊறு, நுகர்வு, வேட்கை, பற்று என்று ஒரு வரிசை வருமே, அதில் நுகர்வுக்கும் வேட்கைக்கும் நடுவில் கையை வைப்பதுதான் இந்த முறையின் வேலை. கல்லாக இருந்த வலி பார்க்கப் பார்க்கத் துடிப்பாகவும் சூடாகவும் குத்தலாகவும் உடைந்துபோவதைப் பார்த்தவருக்கு அனித்தியம் என்றால் என்னவென்று யாரும் விளக்க வேண்டாம்.

ஆனால் அனாத்மாவில் இந்த முறை சற்று வழுக்குகிறது என்பது என் கருத்து. அடிமனத்தில் சேர்ந்த சம்ஸ்காரங்கள் (பழைய விருப்பு வெறுப்புகளின் தடங்கள்) மேலே வந்து கழிகின்றன என்று மாலைச் சொற்பொழிவில் சொல்கிறார்கள். நம் காதில் அது ‘என் வினை கழிகிறது’ என்றுதான் விழும். அழுக்குப் போகிறது என்றவுடன் சுத்தமாகிற ஒருவர் வந்துவிடுகிறார், முன் வாசலில் வெளியே அனுப்பிய ‘நான்’ கொல்லைப்புறமாக நுழைந்த மாதிரி. கோயங்காவின் சொற்பொழிவில் அனாத்மா உண்டு. பயிற்சியின் எடை மட்டும் அனித்தியத்தின் மேலேயே விழுகிறது.

மூன்றாவது, 1949 முதல் ரங்கூனில் மகாசி சயாடோ என்ற பர்மியத் துறவி (1904–1982) கற்பித்த குறிப்பெடுக்கும் முறை. இலங்கையில் கந்துபொட மையம் இந்த மரபில் வந்தது. வயிறு எழுவதையும் தாழ்வதையும் கவனித்து ‘எழுகிறது, தாழ்கிறது’ என்று மனத்துக்குள் மெல்லக் குறிக்க வேண்டும். எண்ணம் வந்தால் ‘எண்ணம்’, சத்தம் வந்தால் ‘கேட்கிறது’. முழங்காலுக்கு ‘வலி, வலி’. தாங்கவில்லை என்றால் நகர்த்தலாம், ஆனால் அவசரப்படாமல். முதலில் ‘நகர்த்தத் தோன்றுகிறது’ என்று குறிக்க வேண்டும். பிறகு தூக்குவது, நகர்த்துவது, வைப்பது என்று ஒவ்வொன்றையும் குறிக்க வேண்டும்.

இந்த இடத்தைத்தான் நான் மிக முக்கியமாகப் பார்க்கிறேன். நகர்த்தத் தோன்றுவது முதலில் வருகிறது, பின்னாலேயே கால் நகர்கிறது. தோன்றியது, நகர்ந்தது, இரண்டும் தெரிந்தது. இவற்றுக்கு நடுவே ‘நகர்த்தினவர்’ என்று மூன்றாவது ஆளைத் தேடினால் அகப்படமாட்டார். நாமம் (மனம்), உருவம் (உடல்) என்று பிரித்துக் காணும் இதையே அந்த மரபில் முதல் ஞானமாகக் கணக்கிடுகிறார்கள். இன்னும் போனால் குறிக்கிற மனமும் வந்து போகும் ஒன்றாகத் தெரியும். எம்பிஎஸ்ஆர் நாற்காலியில் விட்டுவைத்த ஆளையும் இது எழுப்பிவிடுகிறது. ஆபத்தும் இங்கேதான் அதிகம். எல்லாம் கரைந்துபோவதாகத் தெரியும் கட்டத்தில் பயம் வரும் என்று அந்த மரபே முன்கூட்டிச் சொல்கிறது. ஆசிரியரிடம் ஒழுங்காகப் போய்ப் பேச வைப்பது அதனால்தான். சில்லறைக் குறை ஒன்றும் உண்டு: குறிப்பெடுப்பது சிலருக்குக் கிரிக்கெட் வர்ணனையாகிவிடும், பார்வை குறைந்து பேச்சு மிஞ்சிவிடும்.

தமிழ் வாசகர்கள் இந்நேரம் ரமணரைக் கேட்டிருப்பார்கள். அவர் வழியில் முழங்காலைப் பார்க்கவே வேண்டாம். வலி யாருக்கு? எனக்கு. இந்த நான் யார்? கவனம் அப்படியே திரும்பிவிடுகிறது. உடல் நானல்ல, புலன் நானல்ல, மனமும் நானல்ல என்று அவர் ஒதுக்கும் பட்டியலும் புத்தரின் பட்டியலும் பாதி தூரம் தோளில் கை போட்டு நடக்கின்றன. அதை வைத்து ‘எல்லாம் ஒன்றுதான்’ என்று கிரிவலப் பாதையில் அடிக்கடி காதில் விழும். ஒன்றல்ல. எல்லாவற்றையும் ஒதுக்கிய பின் எஞ்சும் அறிவே நான் என்று ரமணர் நிற்கிறார். புத்தரின் பட்டியலில் அறியும் உணர்வும் ஒதுக்க வேண்டிய ஐந்தாவது உருப்படி. மீனவர் மகனான, சாதி என்ற பெயர் கொண்ட பிக்கு ஒருவர், இதே உணர்வுதான் மாறாமல் பிறவிதோறும் தொடர்கிறது என்று சொன்னபோது, நிபந்தனையின்றி உணர்வு எழுவதில்லை என்று நான் சொல்லவில்லையா என்று புத்தர் எல்லார் முன்னிலும் கண்டித்தார். இரண்டில் எது சரி என்று இங்கே தீர்க்கப் போவதில்லை. ஒரே உட்காரலில் இரண்டையும் கலந்தால் இரண்டும் வேலை செய்யாது.

சரி, யார் எங்கே போகலாம்? தூக்கம் வரவில்லை, முதுகு வலி, வேலை அழுத்தம் என்றால் எம்பிஎஸ்ஆர் போதும். ‘நான்’ உண்டா இல்லையா என்று மண்டையை உடைத்துக்கொள்ளத் தேவையில்லை. தினப்படி ஒழுங்கு வராதவர்களுக்கும், காசு செலவழிக்க முடியாதவர்களுக்கும் கோயங்காவின் பத்து நாள் நல்ல தொடக்கம். அனாத்மாவைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்பவருக்கு மகாசி முறையையே சொல்வேன், ஆசிரியர் கிடைத்தால் மட்டும். மனநோய்க்கு மருந்து எடுப்பவர்கள் எந்த முகாமுக்கும் போகுமுன் தங்கள் மருத்துவரிடம் கேட்டுவிட வேண்டும். விண்ணப்பப் படிவத்தில் அந்தக் கேள்வி வரும்போது, இடம் கிடைக்காமல் போய்விடுமோ என்று பயந்து ‘இல்லை’ என்று எழுதாதீர்கள்.