ஐஐஎம் சீட்டா, விஎம்சி மெஷினா? கொங்கு நாட்டில் தொழில் தொடங்க எது கைகொடுக்கும்

அகமதாபாத், பெங்களூரு, கொல்கத்தா போன்ற முன்னணி ஐஐஎம்களில் இரண்டு வருட எம்பிஏ படிக்கக் கட்டணம் மட்டும் இன்றைக்கு 25 லட்சம் ரூபாயை ஒட்டி வருகிறது, சிலவற்றில் தாண்டியும் போகிறது. ஹைதராபாத் ஐஎஸ்பி என்ற மேலாண்மைக் கல்லூரியின் ஒரு வருடப் படிப்புக்கு, தங்கும் செலவோடு சேர்த்தால் அதைவிடக் கூடுதல். அந்தப் பணத்துக்குக் கோவை கணபதியில் ஒரு பட்டறைக்குள் ஓரளவு நல்ல விஎம்சி மெஷினை (கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் உலோகத்தைக் கடையும் மெஷின்) இறக்கிவிடலாம். திருப்பூரில் என்றால் வாடகைக் கட்டடத்தில் சின்னதாக ஒரு பவர் டேபிள், அதாவது தையல் மெஷின் வரிசை, போடலாம். அதனால்தான் இங்கே பையனுக்கு சீட் கிடைத்துவிட்டது என்று சொன்னதும், வாழ்த்துக்கு அடுத்த வார்த்தையாக "அத அப்படியே தொழில்ல போட்டா என்னங்க?" என்று ஒரு பெரியவர் கேட்டுவிடுகிறார்.

நியாயமான கேள்விதான். நல்ல சம்பளத்தில் வேலைக்குப் போவதுதான் குறி என்றால் யோசிக்கவே வேண்டாம், போய்ப் படிக்கலாம். சொந்தத் தொழில் தொடங்க வேண்டும் என்று முடிவு கட்டியவருக்கு அந்தப் பட்டம் என்ன செய்யும், பட்டறையில் நின்று கற்பது என்ன செய்யும் என்பதுதான் இங்கே பேச்சு. கணக்கு எழுதும் தொழிலில் இருப்பதால் இரண்டு வகையினரின் பேரேடுகளையும் பார்க்கிறேன். அந்தப் பக்கத்திலிருந்தே சொல்கிறேன்.

முதலில் பணம். 25 லட்சம் கல்விக்கடன், 9 சதவீத வட்டி, பத்து வருடத் தவணை என்று வைத்துக்கொண்டால் மாதம் சுமார் 31,700 ரூபாய் கட்ட வேண்டும். படிக்கும் காலத்து வட்டியும் ஏறினால் இன்னும் கூடும். பொதுவாகப் படிப்பு முடிந்து ஒரு வருடம் வரைதான் வங்கி பொறுத்துக்கொள்ளும். புதுத் தொழிலில் முதல் இரண்டு மூன்று வருடம் முதலாளி வீட்டுக்கு எடுத்துப்போக எதுவும் மிஞ்சாது என்பது ஊரறிந்த விஷயம். மாதாமாதம் வரும் தவணை அதற்காகக் காத்திருக்காது. இதோடு படிக்கும் இரண்டு வருடச் சம்பளமும் போகிறது. நவம்பர் கடைசியில் ஐஐஎம் நுழைவுக்கான கேட் தேர்வு, அதற்கு முன்னால் தயாரிப்பு, அடுத்த ஜூன் ஜூலையில் வகுப்பு என்று பார்த்தால் நடைமுறையில் மூன்று வருடம் ஓடிவிடும்.

இந்தக் கடன்தான் ஆளை வேலைக்கு இழுக்கிறது என்பது என் எண்ணம். தொழில் தொடங்கும் கனவோடு உள்ளே போகிறவர்களில் பலர், கேம்பஸுக்கு வந்த கம்பெனி பெரிய சம்பளத்தை நீட்டியதும் "ரெண்டு வருஷம் மட்டும்" என்று கையெழுத்துப் போடுகிறார்கள். அந்த இரண்டு வருடம் எப்போது முடியும் என்பது கல்யாணம், வீட்டுக்கடன், குழந்தையின் பள்ளிக்கட்டணம் ஆகியவற்றின் கையில் இருக்கிறது. எல்லோரும் அப்படி என்று சொல்ல முடியாது. சென்னை மடிப்பாக்கத்தில் அம்மா இட்லி விற்றுப் படிக்க வைத்த சரத்பாபு, அகமதாபாத் ஐஐஎம் முடித்த கையோடு 2006-ல் வேலையை மறுத்துவிட்டு ஃபுட்கிங் உணவு நிறுவனத்தைத் தொடங்கினார். ஆனால் அப்படி நடந்தால் அது செய்தியாகிறது. அதிலிருந்தே அது எவ்வளவு அபூர்வம் என்று புரிந்துகொள்ளலாம்.

சரி, என்ன கற்றுத் தருகிறார்கள்? இதில் பட்டறைக்காரர்கள் பட்டத்தைக் குறைத்து மதிப்பிடுகிறார்கள் என்றே சொல்வேன். திருப்பூரில் நான் திரும்பத் திரும்பப் பார்க்கும் ஒரு சிக்கலை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு யூனிட்டின் மாதச் செலவு 20 லட்சம். நூலுக்குக் கையில் காசு, இல்லாவிட்டால் குறுகிய கடன். நிட்டிங், டையிங், காம்பாக்டிங், கட்டிங், தையல், செக்கிங், பேக்கிங் என்று சரக்கு வெளியே போக இரண்டு மாதம். பார்ட்டி, அதாவது சரக்கு வாங்குபவர், பணம் அனுப்ப இன்னும் இரண்டு மாதம். ஆக முதல் ரூபாய் திரும்பி வருவதற்குள் 80 லட்சம் உள்ளே முடங்கிவிடுகிறது. ஆர்டர் இரட்டிப்பானால்? முடங்குவது 1 கோடியே 60 லட்சம். ஆர்டர் வந்த சந்தோஷத்தில் இதைக் கணக்குப் போடாமல், மீதிக்கு மாத வட்டிக்கு வாங்கி, ஒரு கடனை இன்னொரு கடனால் அடைத்து ரோலிங் விட்டு, லாபத்தில் ஓடிக்கொண்டிருந்த கம்பெனியைப் பூட்டியவர்கள் உண்டு. ஆர்டர் இல்லாமல் மூடினால் ஊருக்குப் புரியும். கை நிறைய ஆர்டரோடு மூடினால் யாருக்கும் புரிவதில்லை, "கண்ணு பட்டுருச்சு" என்பார்கள்.

நடைமுறை மூலதனம் பற்றிய இந்தக் கணக்கு எம்பிஏயின் தொடக்கப் பாடங்களில் ஒன்று. பட்டறையில் இது சொந்தப் பணத்தை இழந்துதான் விளங்கும். விலை நிர்ணயமும் அப்படித்தான். பக்கத்து யூனிட் பீஸுக்கு என்ன ரேட் வாங்குகிறதோ அதில் ஐம்பது பைசா குறைத்துக் கேட்பதுதான் இங்கே பாதிப் பேருடைய விலைக் கொள்கை. தன் மெஷின் ஒரு மணி நேரம் ஓடினால் என்ன செலவு, தேய்மானம் எவ்வளவு என்று தெரியாமலேயே பல வருடம் ஜாப் ஒர்க் ஓட்டுபவர்கள் இருக்கிறார்கள்.

ஆனால் இதையெல்லாம் கற்க 25 லட்சம் தேவையா என்பது வேறு கேள்வி. ஒரு நல்ல ஆடிட்டரோடு மாதம் ஒரு நாள் உட்கார்ந்தால் பாதி வந்துவிடும். (சொந்த வியாபாரத்துக்கு விளம்பரம் என்று நினைத்துக்கொண்டாலும் சரி.)

மறுபக்கம், பட்டறை சொல்லித் தருவதை எந்த வகுப்பும் சொல்லித் தராது. சாயம் போட்டு வந்த துணியில் ரோலுக்கு ரோல் ஷேடு மாறுவது, ஜிஎஸ்எம் (துணியின் எடை அளவு) குறைவது, தீபாவளிக்கும் சத் பூஜைக்கும் ஊருக்குப் போன பீகார் ஆட்களில் எத்தனை பேர் திரும்புவார்கள் என்ற கணிப்பு, எந்தப் பார்ட்டி கடைசி பில்லில் ஓட்டை சொல்லிக் கழிப்பான் என்ற மோப்பம், இவை நின்று பார்த்தால்தான் வரும். 2011 ஜனவரியில் நொய்யல் மாசு வழக்கில் உயர் நீதிமன்றம் திருப்பூரின் சாய ஆலைகளை மூடச் சொன்னபோது, துணியைச் சாயத்துக்கு வெளியூர் அனுப்பி வாங்கி, தேதி தவறாமல் சரக்கு ஏற்றியவர்களைக் காப்பாற்றியது சாய மாஸ்டர்களோடு இருந்த பழக்கம். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியச் சரக்குக்கு 50 சதவீதம் வரி போட்டபோதும் அப்படித்தான். ஒரே நாட்டை நம்பியிருக்கக் கூடாது என்பதை எந்த எம்பிஏ மாணவரும் எழுதிக் காட்டிவிடுவார். அந்த வாரம் தறிகெட்டுப்போன ஆர்டரை யாரிடம் பேசி எவ்வளவு தள்ளுபடியில் மீட்பது என்பதைப் பேசிப் பழகியவர்தான் செய்ய முடியும்.

சட்டம் தெரிவதற்கும் அதைப் பயன்படுத்த முடிவதற்கும் நடுவே இருக்கும் தூரத்துக்கு இன்னொரு உதாரணம். குறு, சிறு நிறுவனங்களுக்கு அதிகபட்சம் 45 நாளில் பணம் தராவிட்டால், வாங்கியவர் அந்தத் தொகையை அந்த வருடச் செலவாக வருமான வரியில் காட்ட முடியாது என்ற விதி 2023-24 கணக்கு வருடத்திலிருந்து வந்தது. ஏட்டில் பார்த்தால் சின்னவருக்குக் கிடைத்த ஆயுதம். நடந்தது என்ன? சில பெரிய பார்ட்டிகள், குறு, சிறு நிறுவனம் என்பதற்கான "உத்யம் பதிவை ரத்து பண்ணிட்டு வாங்க" என்றார்கள். அந்த இடத்தில் பட்டம் பேசாது, உங்களை விட்டால் அந்த வேலைக்கு வேறு ஆள் இல்லை என்ற நிலைதான் பேசும்.

ஆக, பாடத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் பட்டறைப் பக்கம்தான் சாய்வேன். ஆனால் உயர்ந்த பட்டத்தின் உண்மையான சரக்கு பாடம் இல்லை. இரண்டு விஷயங்களை அது விற்கிறது. ஒன்று, ஆட்கள்: கூடப் படித்தவன் வங்கியில், முதலீட்டு நிறுவனத்தில், வாங்கும் கம்பெனியில் உட்கார்ந்திருப்பான். இரண்டு, விழுந்தால் பிடித்துக்கொள்ள ஒரு வலை: தொழில் படுத்தால் வேலை கிடைக்கும். சில ஐஐஎம்களில், தொழில் தொடங்கப் போகிறவர்கள் ஓரிரு வருடம் கழித்துத் திரும்பி வந்து வேலைத் தேர்வில் உட்காரவும் வழி வைத்திருக்கிறார்கள். வேலை தேடுவோருக்கான நௌக்ரி இணையதளத்தைத் தொடங்கிய சஞ்சீவ் பிக்சந்தானி 1989-ல் அகமதாபாத் ஐஐஎம்மில் படித்து முடித்தவர். வேலையை விட்டது 1990-ல், நௌக்ரி வந்தது 1997-ல். இடைப்பட்ட காலத்தில் வீட்டைத் தாங்கியதில் அதே ஐஐஎம்மில் படித்த மனைவியின் சம்பளத்துக்கும் பங்கு உண்டு.

இப்போது கொங்கு நாட்டுக்கு வருவோம். இந்த இரண்டும் இங்கே சிலருக்குப் பிறப்பிலேயே கிடைக்கிறது. கட்டிங் டேபிளில் நின்றவர் சூப்பர்வைசராகி, மச்சான் பணம் போட, இவர் ஒர்க்கிங் பார்ட்னராக உழைப்பைப் போட்டு, ஒரு யூனிட் பிறக்கும். திருப்பூரின் பாதி வரலாறு இதுதான். "இன்னார் பையன்" என்ற ஒரு சொல்லுக்கு நூல் ஏஜென்ட் மூட்டையை இறக்குவார். தொழில் படுத்தால் தோட்டம் இருக்கிறது, மாமனார் இருக்கிறார், பங்காளி மில்லில் ஒரு நாற்காலி இருக்கிறது. இப்படிப்பட்ட வீட்டுப் பையன் 25 லட்சம் கட்டி அகமதாபாத் போவது, ஏற்கெனவே கையில் இருப்பதையே மறுபடி காசு கொடுத்து வாங்குவது. (கல்யாணச் சந்தையில் மதிப்பு ஏறும் என்பதை மறுக்கவில்லை. இங்கே பட்டறைக்காரனுக்குப் பெண் கிடைப்பது எவ்வளவு பாடு என்று தெரியும்.)

ஆனால் அந்த நம்பிக்கை சொந்தம், சாதி, ஊர் என்ற வழியில்தான் ஓடுகிறது. அதே திருப்பூரில் பதினைந்து வருடம் தைத்த பெண்ணுக்கு நூல் ஏஜென்ட் மூட்டை இறக்குவதில்லை. பட்டியல் சமூகத்துப் பையன் டேபிள் போட நினைத்தால் "இன்னார் பையன்" என்ற சொல் உதவாது, சில இடங்களில் எதிராகவே வேலை செய்யும். சொந்த வீட்டிலேயே, மகளுக்கு நகையும் மகனுக்குக் கம்பெனியும் என்று பிரிக்கிற பழக்கம் இன்னும் போகவில்லை. இவர்களுக்கு அந்தப் பட்டம் வீண் செலவு இல்லை. ஊர் தராத அறிமுகத்தை அது தருகிறது. வங்கி மேலாளர் நிமிர்ந்து பார்க்கிறார், பெங்களூரில் இருக்கும் முதலீட்டாளர் அப்பா பெயரைக் கேட்பதில்லை. கட்டணம் அதேதான், யார் கட்டுகிறார் என்பதைப் பொறுத்து அதன் மதிப்பு இரண்டு மூன்று மடங்கு மாறிவிடுகிறது. இந்தக் கேள்விக்கு எல்லோருக்கும் பொதுவாக ஒரே பதில் சொல்கிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

"ஜி.டி.நாயுடு எந்தக் காலேஜ்ல படிச்சாரு?" என்ற வாதம் இந்தப் பேச்சில் வராமல் இருக்காது. அவர் பள்ளிப்படிப்பையே முடிக்காதவர், உண்மை. ஆனால் 1945-ல் கோவையில் தொழிற்கல்லூரி வரப் பணமும் உழைப்பும் கொடுத்தவரும் அவரே. இன்றைய அரசு தொழில்நுட்பக் கல்லூரியின் வேர் அது. படிப்பு வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை, இரண்டு வருடத்தில் முடிவதை நான்கு வருடம் இழுக்காதே என்றார். உடுமலையில் சுகுணா கோழி நிறுவனத்தைத் தொடங்கிய சௌந்தரராஜனும் கல்லூரிக்குப் போகாதவர். குஞ்சு, தீவனம், மருந்தை நிறுவனம் தரும், வளர்க்கும் கூலி விவசாயிக்கு என்ற முறையை நாட்டில் பெரிதாக நடத்திக் காட்டினார். அவரைப் போலவே படிக்காமல் கோழிப்பண்ணை போட்டுக் கடனில் மூழ்கியவர்கள் எத்தனை பேர் என்று யாரும் எண்ணவில்லை.

எதிர்ப்பக்கத்துக்கு எல்ஜி எக்விப்மென்ட்ஸின் ஜெய்ராம் வரதராஜ். அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் எம்பிஏவும் முனைவர் பட்டமும் வாங்கியவர். அவர் காலத்தில் அந்தக் கோவை கம்ப்ரசர் கம்பெனி இத்தாலியில் ஒரு நிறுவனத்தை வாங்கியது, 2019-ல் ஜப்பானின் டெமிங் பரிசையும் பெற்றது. ஆனால் கம்பெனி 1960-லேயே தொடங்கப்பட்டது. முளைத்து நிற்பதைப் பெரிதாக்க மேல்படிப்பு உதவும் என்பதற்குத்தான் இது சாட்சி, விதை போடுவதற்கு இல்லை.

உள்ளூர் எம்பிஏ பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. செலவு குறைவு, வீட்டுச் சோறு. ஆனால் அங்கே கிடைக்கும் ஆட்கள் ஏற்கெனவே உங்களுக்குத் தெரிந்தவர்கள்தான். குடும்பத் தொழில் இருப்பவருக்கு அதைவிட நல்லது மும்பை எஸ்பி ஜெயினின் குடும்பத் தொழில் படிப்பு மாதிரியானது: மாதம் ஒரு வாரம் வகுப்பு, மீதி நாள் சொந்தக் கம்பெனி. போன வாரம் படித்ததை இந்த வாரம் கேஷியரிடம் சோதித்துப் பார்க்கலாம். கட்டணம் இங்கேயும் லட்சங்களில்தான், ஆனால் வருமானம் நிற்காது.

தொழில் பின்னணி இல்லாதவருக்கு என் வரிசை இது. முதலில் இரண்டு மூன்று வருடம் அடுத்தவர் கம்பெனியில், முடிந்தால் மெர்ச்சண்டைசிங்கிலோ (பார்ட்டியோடு பேசி ஆர்டரை முடித்துக் கொடுக்கும் பிரிவு) கொள்முதலிலோ. அப்புறமும் படிக்கத் தோன்றினால், வேலை அனுபவத்தைக் கேட்கும் ஐஎஸ்பி மாதிரியான ஒரு வருடப் படிப்பு. தோன்றாவிட்டால் நேரே தமிழக அரசின் நீட்ஸ் திட்டம்: முதல் தலைமுறைத் தொழில்முனைவோருக்கு, திட்ட மதிப்பில் 25 சதவீதம், அதிகபட்சம் 75 லட்சம் வரை மானியம். அதற்கு எம்பிஏ தேவையில்லை. மாவட்டத் தொழில் மையத்துக்குப் போகும்போது விலைப்புள்ளிகளையும் திட்ட அறிக்கையையும் நீங்களே படித்துப் புரிந்துகொண்டு போங்கள். ஏஜென்ட் எழுதிக் கொடுத்த அறிக்கையில் இருக்கும் விற்பனை எண்ணை நேர்காணலில் விளக்கத் தெரியாமல் திரும்பி வந்தவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.