சத்தம் வராத லேப்டாப்பும் 2,400 ரூபாய் பில்லும்

விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் போட்ட பழைய லேப்டாப்பில் சத்தம் வரவில்லையா? உடனே சர்வீஸ் கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள். நான் ஓடினேன். 2,400 ரூபாய் போனது, கூடவே மகளின் பாட்டு வகுப்புப் பதிவுகளும் போயின.

2014-ல் வாங்கிய ஐ3 லேப்டாப். விண்டோஸ் 10 திணறியதால் லினக்ஸ் மின்ட் போட்டேன். வைஃபை, டச்பேட் எல்லாம் தானாக வேலை செய்தன; ஸ்பீக்கர் மட்டும் ஊமை. கடைக்காரர் ஒரு பாட்டைப் போட்டுக் காதருகே வைத்துப் பார்த்துவிட்டு, "சவுண்ட் ஐசி போயிடுச்சு சார், மாத்தணும். லினக்ஸ் போட்டா இப்படித்தான்" என்றார். முந்தின நாள் வரை விண்டோஸில் பாடிய ஸ்பீக்கர் அது. அப்போதே உறைத்திருக்க வேண்டும்.

மூன்று நாள் கழித்துச் சத்தத்தோடு திரும்பி வந்தது. ஆனால் உள்ளே மின்ட் இல்லை, ஆக்டிவேட் செய்யாத விண்டோஸ். ஒரு வார்த்தை கேட்காமல் ஹார்டு டிஸ்க்கை ஃபார்மட் செய்திருந்தார்கள்.

கடுப்பில் மறுபடி மின்ட் போட்டேன். மறுபடி ஊமை! புது ஐசி அல்லவா? அப்புறம்தான் டெர்மினலில் (கட்டளை தட்டும் கறுப்பு ஜன்னல்) alsamixer என்று தட்டி, சத்த அளவைக் கூட்டிக் குறைக்கும் ஆல்சாமிக்சரைத் திறந்தேன். எஃப்6 அழுத்தினால் இரண்டு சவுண்ட் கார்டுகள்: முதலில் எச்டிஎம்ஐ (கேபிள் வழியாக டிவிக்குச் சத்தம் அனுப்புவது), அடுத்து பிசிஎச் (லேப்டாப்பின் சொந்த ஸ்பீக்கருக்கானது). அந்தக் காலத்து இன்டெல் மெஷின்களில் இது சகஜம். எச்டிஎம்ஐ முதல் இடத்தில் உட்கார்ந்துகொள்ள, இணைக்கவே இணைக்காத டிவியைத் தேடிச் சத்தம் போய்விடும். பிசிஎச்-க்குப் போனால் ஸ்பீக்கர் பட்டையின் கீழே 'எம்எம்'. மியூட்டில் இருக்கிறது என்று அர்த்தம். எம் விசையை ஒரு தட்டு, மேல் அம்புக்குறியால் அளவை ஏற்றினேன். சவுண்ட் செட்டிங்ஸில் அவுட்புட்டை எச்டிஎம்ஐ-யிலிருந்து ஸ்பீக்கருக்கு மாற்றினேன். பாடியது. (ஹெட்போனில் கேட்டு ஸ்பீக்கரில் மட்டும் கேட்காவிட்டால், ஆல்சாமிக்சரிலேயே ஆட்டோ மியூட்டையும் (ஹெட்போன் செருகினால் ஸ்பீக்கரைத் தானாக ஊமையாக்கும் வசதி) அணைத்துப் பாருங்கள்.)

லேப்டாப்பைக் கவிழ்த்தேன். போன வருடம் ரேம் போட்டவர் திருகின் மேல் ஒட்டிய ஸ்டிக்கர் கிழியாமல் அப்படியே இருந்தது. திறக்கவே இல்லை!

எந்தக் கடையில் கொடுத்தாலும் முதலில் பதிவுகளை வேறு டிஸ்க்கில் எடுத்துவையுங்கள். ஐசி மாற்றினேன் என்றால் பழைய ஐசியைக் கையில் கேளுங்கள். நான் போய்க் கேட்டேன். "குப்பையில போட்டாச்சு சார்" என்றார். சரி, பில்லையாவது காட்டிச் சண்டை போடலாம் என்று விரித்தால், அதில் இருந்தது 'சவுண்ட் சர்வீஸ்' மட்டும்தான்.