ஏற்காட்டுக் கள்ளிச்செடிப் பண்ணை: போகலாமா?

சேலத்தில் கள்ளிச்செடி கேட்டால், கட்டைவிரல் உயரச் செடியின் தலையில் சூடான பசையை ஊற்றி, காய்ந்த மஞ்சள் பூ ஒன்றை ஒட்டி, "பூத்த செடி, முந்நூறு ரூபாய்" என்று நீட்டுகிறார்கள். தொட்டால் சரசரக்கும் அந்தப் பூவை எந்தத் தேனீயும் எட்டிப் பார்க்காது. அந்த எரிச்சலில்தான், ஏற்காட்டில் காப்பித் தோட்டத்தை ஒட்டியிருக்கும் இந்தச் சிறிய பண்ணைக்குப் போகத் தொடங்கினேன். இங்கே ஒட்டுப்பூ ஒன்றுகூட இல்லை. அதற்காகவே முழு மதிப்பெண் போட்டுவிடலாம். ஆனால் குறையும் உண்டு, பின்னால் சொல்கிறேன்.

பனி மூடும் மலையில் பாலைவனச் செடிக்கு என்ன வேலை என்று கேட்பவர்களுக்கு: ஒளி புகும் கூரை போட்டு மழையைத் தடுத்திருக்கிறார்கள். கள்ளிகள் உடம்பிலுள்ள நுண்துளைகளைப் பகலில் மூடிவைத்து, இரவில் திறந்து கரியமில வாயுவை வாங்கிக்கொள்பவை. இரவு குளிர்ந்தால் அவற்றுக்கு வசதிதான்.

தோட்டக்காரத் தம்பியிடம் எனக்குப் பிடித்தது ஒன்று. எந்தத் தொட்டியைத் தூக்கினாலும் விலைக்கு முன்னால், "இதைத் தேடி அதன் ஊரில் யார் வருவார் தெரியுமா அம்மா?" என்று ஆரம்பித்துவிடுவார். முதலில் ஸ்டபீலியாவைக் காட்டினார். தென்னாப்பிரிக்கச் செடி. விரித்த கையைவிட அகலமான நட்சத்திரப் பூ. வெளிர் மஞ்சளில் செந்நிற அலைக்கோடுகள், விளிம்பெல்லாம் மெல்லிய மயிர். குனிந்து முகர்ந்தேன், வயிற்றைப் புரட்டியது. அசல் அழுகிய இறைச்சி வாடை! ஈக்கள் அதை இறைச்சி என்றே நம்பி உட்காருகின்றன, மகரந்தத்தை ஒட்டிக்கொண்டு அடுத்த பூவுக்குப் போகின்றன. பூவின் நடுவே அரிசி நொய்போல வெள்ளை முட்டைகள் கிடந்தன. பொரித்து வரும் புழுக்களுக்கு அங்கே தின்ன ஒன்றுமில்லை, பட்டினியில் சாக வேண்டியதுதான். தேன் கொடுத்து வேலை வாங்கும் பூக்கள் எவ்வளவோ மேல். நம் கரடுகளில் முளைக்கும் கள்ளிமுளையானும் இந்த வம்சம்தான். வீட்டில் வைக்கிறவர்கள் சமையலறை ஜன்னலிலிருந்து தள்ளி வையுங்கள்.

சகுவாரோ நாற்று ஒன்று விரல் நீளத்தில் இருந்தது. அமெரிக்காவின் அரிசோனாவிலும் மெக்சிகோவின் சொனோராவிலும் வளரும் ராட்சதக் கள்ளி. முதல் பூவுக்கே முப்பது, நாற்பது ஆண்டு காத்திருக்க வேண்டும் என்று தம்பி ஒளிக்காமல் சொன்னார். விற்கிறவர் வாயில் இப்படி ஒரு சொல் வருவது அபூர்வம். அந்தப் பாலைவனத்தில் அதன் பூ இரவில் விரிந்து மறுநாள் பிற்பகல் வரை நிற்கும். இரவில் நீளமூக்கு வௌவால், பகலில் புறாவும் தேனீயும். மரங்கொத்தி அதன் உடம்பில் பொந்து குடையும். கள்ளி அந்தக் காயத்தைச் சுற்றிக் கெட்டியான ஓடு கட்டிக்கொள்ளும். மரங்கொத்தி விட்டுப்போனதும் குருவி அளவே உள்ள ஆந்தை குடியேறும். எனக்கு வியப்பு வேறொன்றில். பறவைகள் பழம் தின்று மெஸ்கீட் மரத்தில் உட்கார்ந்து எச்சமிட, விழுந்த விதை அந்த நிழலில்தான் வெயிலுக்கும் பனிக்கும் தப்பிப் பிழைக்கிறதாம். மெஸ்கீட் யாரென்று பார்த்தால், நாம் வெட்டி மாளாமல் சபிக்கும் சீமைக்கருவேலத்தின் நெருங்கிய சொந்தம்! சொந்த ஊரில் அது செவிலித்தாய்.

சாயப்பட்டறைக் குடும்பத்தில் பிறந்தவள் என்பதால் என்னைப் பிடித்து நிறுத்தியது சப்பாத்திக்கள்ளிதான். வலைக்குள் தனியாக வைத்திருந்த ஒரு மடலில் வெள்ளைப் பஞ்சு அப்பியிருந்தது. மாவுப்பூச்சி என்று முகம் சுளித்தேன். தம்பி ஒரு குச்சியால் நசுக்கினார். குங்குமச் சிவப்பு வழிந்தது. கொச்சினீல் என்ற சாயப்பூச்சி அது. சாயத்துக்காக 1795இல் பிரேசிலிலிருந்து இந்தியாவுக்கு இதன் இனம் ஒன்று வந்தது. வந்ததோ மட்டமான சாயம் தரும் பூச்சி. சாய வியாபாரம் படுத்தது, பூச்சி மட்டும் ஒரு வகைக் கள்ளியைத் தின்று தீர்த்தது. இன்னொரு வகை தென்னாட்டு நிலங்களை அடைத்துக்கொண்டு நின்றபோது, 1926இல் இலங்கையிலிருந்து வேறோர் இனத்தைக் கொண்டுவந்து விட்டார்கள். அது அந்தக் காட்டைச் சரித்தது. இங்கே எதிரியில்லாமல் பரவிய செடியை அடக்க, அதன் ஊர்க்காரப் பூச்சிதான் வர வேண்டியிருந்தது. அந்த மடலை விற்க மாட்டார்களாம். சரியான முடிவு, மற்ற தொட்டிகளுக்குத் தாவும்.

இனி குறை. ஓமலூர்ப் பக்கம் உயிர்வேலியில் சும்மா நிற்கும் சதுரக்கள்ளியை அமெரிக்கக் கள்ளிகளின் வரிசையில் வைத்து 350 ரூபாய் சீட்டு ஒட்டியிருக்கிறார்கள். அது வேறு குடும்பம். கீறினால் பால் வடியும், ஆடுகூட வாய் வைக்காது. அந்தப் பால் கண்ணில் பட்டால் பெரும் அவதி, எச்சரிக்கைப் பலகை எதுவும் இல்லை. கேட்டதற்கு, முதலாளி எழுதிய சீட்டு என்று தம்பி நழுவிவிட்டார். குழந்தைகளோடு போகிறவர்கள் அந்த மூலையில் கவனமாக இருங்கள்.

செய்தித்தாளில் இறுக்கிச் சுற்றி அட்டைப்பெட்டியில் கொடுக்கிறார்கள். இருபது கொண்டை ஊசி வளைவையும் என் செடிகள் முள் முறியாமல் கடந்துவிட்டன. சனி, ஞாயிறுகளில் பஸ்ஸில் நிற்கவே இடமிருக்காது, வாரநாளில் போங்கள். பேரம் படியாது. ஆனால் வாங்கும் செடியோடு ஒரு பக்கக்கன்று கேட்டால் தம்பி மறுப்பதில்லை.